வில்லனுக்கு எதற்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம்?

சில மாதங்களுக்கு முன்னர், நூல் வெளியீட்டு விழா ஒன்று முடிந்து, மண்டபத்துக்கு வெளியே பிளேன்டீயும் கையுமாக நின்றுகொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ சினிமாவுக்குத் தாவி, அங்கிருந்து ஹொலிவூட் விஞ்ஞானப் புனைகதைப் படங்களுக்குப் போய்விட்டது. அப்போது இலக்கிய நண்பர் ஒருவர் தீர்ப்புச் சொல்வதுபோல் மூன்று விடயங்களைச் சொன்னார். பழைய படங்களை நாம் கொண்டாடுவது அவற்றைச் சிறுவயதில் பார்த்ததனால்தான் என்பது ஒன்று. பிற்காலத்தில் வந்த முன்கதைப் படங்கள் பணத்தாலும் தொழில்நுட்பத்தாலும் பன்மடங்கு உயர்ந்தவை என்பது இரண்டு. ஆரம்பம் தெரியாத கதை அரைக்கதை, முன்கதை வந்தபிறகே அது முழுமையடைகிறது என்பது மூன்று.

நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் மறுத்துப் பேச வாய் திறந்தபோது விழா ஏற்பாட்டாளர்கள் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அங்கே சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன். நண்பர் கோபிக்கக் கூடாது. மூன்று கூற்றுகளும் பிழை என்பதே என் கட்சி. மூன்றாவது பிழை மட்டுமல்ல, எழுதுகிற நமக்கு ஆபத்தானதும்கூட.

முதலில், சிறுவயது மயக்கம் என்ற குற்றச்சாட்டு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜோர்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வோர்ஸ்' வெளியானது 1977இல். நான் அதைப் பார்த்தது தொண்ணூறுகளில், அயல் வீட்டு டெக்கில், பலமுறை ஓடித் தேய்ந்த கசட் ஒன்றில். பாதி ஆங்கிலம் புரியவில்லை. ஆனாலும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்த நினைவு என் தீர்ப்பைச் சாய்த்திருக்கலாம். எனவே நண்பருக்கு வேறொரு படத்தை முன்வைக்கிறேன்.

ஜோன் கார்பென்டரின் 'த திங்' 1982இல் வந்தது. அதன் முன்கதை, அதே பெயரிலேயே, 2011இல் வந்தது. நான் முதலில் பார்த்தது முன்கதையை. மூலப்படத்தைப் பார்த்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. இங்கே சிறுவயதும் இல்லை, தேய்ந்த கசட்டும் இல்லை. வரிசைகூடத் தலைகீழ். அப்படியிருந்தும் மூலப்படம் என்னைப் பிடித்துலுக்கியது. முன்கதை ஒரு வாரத்திலேயே மறந்துபோயிருந்தது. அதற்கும் மேலாக, 1982இல் இப்படம் திரைக்கு வந்தபோது அதைக் கொண்டாடியவர்கள் சொற்பம். ஸ்பீல்பேர்கின் 'ஈ.ரீ.' வெளியாகி இரண்டு வாரங்களில் வந்த அதை விமர்சகர்கள் வெறுத்தார்கள், வசூலும் ஏமாற்றியது. அதன் புகழ் பின்னர் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. பிறந்த அன்று எவராலும் நேசிக்கப்படாத ஒரு படம் எப்படிப் பழைய நினைவின் தயவில் வாழ முடியும்?

இரண்டாவது, பணமும் தொழில்நுட்பமும்.

கணக்கைப் பார்ப்போம். 1977ஆம் ஆண்டின் 'ஸ்டார் வோர்ஸ்' ஏறத்தாழ 11 மில்லியன் டொலரில் எடுக்கப்பட்டது. 1999இல் வந்த முதல் முன்கதையான 'த ஃபான்டம் மெனஸ்' ஏறத்தாழ 115 மில்லியன் டொலரை விழுங்கியது. 1979இல் ரிட்லி ஸ்கொட் இயக்கிய 'ஏலியன்' ஏறத்தாழ 11 மில்லியன். 2012இல் அவரே இயக்கிய முன்கதை 'ப்ரொமீதியஸ்' ஏறத்தாழ 130 மில்லியன். பண மதிப்பு வீழ்ச்சியைக் கழித்தாலும் இடைவெளி மிகப் பெரியதுதான். அந்தப் பணம் எதை வாங்கித் தந்தது?

'ஏலியன்' படத்தில் அன்னியக் கப்பலின் உட்புறக் காட்சித்தளம் போதிய அளவு பெரிதாகத் தெரியவில்லை. ஸ்கொட் என்ன செய்தார் தெரியுமா? தம் சிறு மகன்மாருக்கு அளவான விண்வெளி உடைகள் தைப்பித்து, தூரக் காட்சிகளில் நடிகர்களுக்குப் பதிலாக அவர்களை நிறுத்தினார். மனிதன் சிறுத்ததும் மண்டபம் பெருத்துவிட்டது. இல்லாமை கற்பனையைப் பிடரியில் தட்டி எழுப்பிய கதை இது. 'த திங்' முன்கதையில் நடந்ததோ இதற்கு எதிர்மாறு. கைவினைஞர்கள் அரும்பாடுபட்டுச் செய்த உருவங்கள் படப்பிடிப்பிலும் பயன்படுத்தப்பட்டன. பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் கணினிச் சித்திரங்களைப் போர்த்தி மூடிவிட்டார்கள். 1982இல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ரொப் பொட்டின் என்ற இளைஞர் இறப்பரையும் பசையையும் கொண்டு செய்துகாட்டிய அருவருப்பு இன்றும் வயிற்றைப் புரட்டுகிறது. 2011இன் கணினிச் சித்திரம் அதே ஆண்டிலேயே பழசாகிவிட்டது.

இதைச் சொன்னதற்காக என்னைக் கணினிக்கு எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். தொழில்நுட்பம் படத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் எதையும் காட்டலாம் என்ற வசதி வந்தபிறகு, எதைக் காட்டக் கூடாது என்று யோசிக்கும் பழக்கம் போய்விடுகிறது. வேண்டாம் என்று சொல்ல ஆளும் இல்லாமற் போகிறது. 1977இன் படத்தை வெட்டி ஒட்டிச் செப்பனிட்டவர்கள் போல் ஹேர்ஷ், மார்ஸியா லூகாஸ், ரிச்சர்ட் சூ ஆகிய மூவர். அதற்காக ஒஸ்கார் விருதும் பெற்றார்கள். 1980இன் இரண்டாம் படத்தை இயக்கியவர் ஏர்வின் கேர்ஷ்னர். ஆனால் 1999 முதல் 2005 வரை வந்த மூன்று முன்கதைகளையும் லூகாஸே இயக்கினார், எழுத்திலும் அவர் கையே ஓங்கியிருந்தது, பணமும் அவரது நிறுவனத்துடையதே. மறுத்துப் பேச அங்கே யார் இருந்திருப்பார்?

இனி மூன்றாவது கூற்று. இதுதான் முக்கியம். ஆரம்பம் தெரிந்தால் கதை முழுமையடையுமா?

இவ்விடத்தில் என் பக்கத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு காரணத்தை நானே நிராகரித்துவிடுகிறேன். 'முன்கதையில் முடிவு தெரிந்துவிடுகிறது, அதனால் சுவை கெடுகிறது' என்பார்கள். இது சரியல்ல. கோவலன் கொலையுண்பான் என்பதைச் சிலப்பதிகாரத்தின் பதிகமே சொல்லிவிடுகிறது. அதனால் கொலைக்களக் காதையின் துயரம் குறைந்தா போயிற்று? சீறாப்புராண விரிவுரை கேட்கக் கூடியிருந்த நம் மூத்தவர்களில் எவருக்கு அடுத்து நடக்கப்போவது தெரியாமல் இருந்தது? தெரிந்த முடிவு நல்ல கதையைக் கொல்வதில்லை.

அப்படியானால் கொல்வது எது? என் விடை இது: மூலப்படம் ஒரு மௌனத்தை விட்டுவைத்திருக்கிறது. அந்த மௌனம் எழுத மறந்த இடமல்ல, கதையின் ஓர் உறுப்பு. முன்கதை அதைக் காலியிடம் என்று எண்ணி வீடு கட்டிவிடுகிறது.

'ஏலியன்' படத்தில் வரும் அந்த நாற்காலியை நினைத்துப் பாருங்கள். சரக்குக் கப்பலின் பணியாளர்கள் மூவர், யாரும் அறியாத ஒரு கோளில் சிதைந்து கிடக்கும் அன்னியக் கப்பலுக்குள் நுழைகிறார்கள். எச். ஆர். கீகர் வடிவமைத்த ஒரு பூதாகாரமான பிணம் ஆசனத்தோடு ஆசனமாகக் கல்லாகிப்போய் இருக்கிறது. அதன் விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிநோக்கி வெடித்திருக்கின்றன. அது யார், எங்கே போய்க்கொண்டிருந்தது, எவ்வளவு காலமாயிற்று என்று எவரும் சொல்வதில்லை. படம் அதைக் கடந்து போய்விடுகிறது, திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் பார்த்தவன் நெஞ்சில் ஒன்று தங்கிவிடுகிறது: மனிதன் பிறப்பதற்கு முன்பே இப் பிரபஞ்சத்தில் பெரிய பெரிய மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன, அவற்றுக்கு நம்மைத் தெரியவே தெரியாது.

33 ஆண்டுகள் கழித்து 'ப்ரொமீதியஸ்' வந்து விளக்கம் தந்தது. நாம் எலும்பு என்று நினைத்தது வெறும் உடையாம். உள்ளே இருந்தவன் நம் மரபணுவையே கொண்ட, வெளிறிய, சற்று உயரமான மனிதனாம். அதுவும் போதாதென்று 2017இல் 'ஏலியன்: கவனன்ட்' வந்து, அந்தக் கொடிய உயிரியை இப்போதுள்ள வடிவுக்கு வளர்த்தெடுத்ததே மனிதர்கள் செய்த ரொபோ ஒன்றுதான் என்றது. எல்லையற்ற இருளில் நம்மை அறியாத ஒன்று இருக்கிறது என்பதே முதற்படத்தின் பயம். இப்போதோ அந்த இருளுக்குள்ளும் நம் வீட்டுச் சாமான்தான் கிடக்கிறது. பிரபஞ்சம் சுருங்கி நம் கொல்லைப்புறம் ஆகிவிட்டது. கவனியுங்கள், மூன்று படங்களையும் இயக்கியவர் ஒருவரே. ஆகவே திறமைக் குறைவைக் காரணம் காட்டவும் வழியில்லை. பிழை எடுத்த கையில் இல்லை, எடுத்துக்கொண்ட வேலையில் இருக்கிறது.

'ஸ்டார் வோர்ஸ்' விடயமும் இதுவேதான். முதற்படத்தில் அலெக் கின்னஸ் நடித்த கிழவர், உயிர்கள் யாவும் சேர்ந்து உண்டாக்கி அண்டத்தையே பிணைத்து வைத்திருக்கும் ஒரு விசையைப் பற்றி இரண்டொரு வாக்கியத்தில் சொல்கிறார். அவ்வளவுதான். பாலைவனத்தில் பண்ணை வேலை செய்யும் லூக் என்ற பொடியனுக்கும் அது எட்டும் என்பதே அதன் அழகு. 1999இல் என்ன நடந்தது? ஒரு சிறுவனின் இரத்தத்தை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். மிடி-குளோரியன் என்ற நுண்ணுயிர்களின் எண்ணிக்கை 20,000க்கும் மேல், யோடாவுக்கே இவ்வளவு இல்லை என்று அறிக்கை வருகிறது. ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட்! வழிவழி வரும் குடும்ப ஆற்றல் என்ற பேச்சு 1983இன் மூன்றாம் படத்திலேயே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது உறவின் பேச்சு. இது எண்ணிக்கையின் பேச்சு. எவனும் நாடலாம் என்றிருந்த ஒன்று, இரத்தத்தில் இருந்தால்தான் உண்டு என்று ஆகிவிட்டது. குலப்பெருமை பேசுவோரை வாழ்நாளெல்லாம் கண்டித்து எழுதிவரும் நண்பர் இதை எப்படி முழுமை என்றார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

டார்த் வேடரைப் பாருங்கள். கறுப்பு முகமூடி, கனத்த மூச்சு, ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரல். 1977இன் படத்தில் அவர் தோன்றும் நேரம் சொற்பம். முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாம் நடுங்கியதே அவருடைய அதிகாரம். முன்கதை அவருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஒன்பது வயதுச் சிறுவன், அடிமைத் தாயின் மகன், பந்தயத்தில் கெட்டிக்காரன். பிந்திய படங்களில் நகைச்சுவைக்கு வரும் தங்கநிற ரொபோவையும் செய்தவன் அவனேதானாம். ஒரு பெரிய அண்டத்தில் யாரைத் தொட்டாலும் யாருக்கோ மச்சானாக இருந்தால் அது அண்டமல்ல, நம் ஊர்ச் சந்தி.

'த திங்' முன்கதையில் இந்த நோய் முற்றிய நிலையில் இருக்கிறது. மூலப்படத்தில் எரிந்துபோன நோர்வே முகாமுக்கு இருவர் போகிறார்கள். பதிந்தபடியே விடப்பட்ட கோடரி, கதிரையிலேயே உறைந்துபோன மனிதன், குடையப்பட்ட பனிக்கட்டிப் பாளம், முகங்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய பிணம். அங்கே ஒரு நரகம் நடந்திருக்கிறது. எமக்குக் கிடைப்பது சாம்பல் மட்டுமே. சாம்பலைக் கிளறிக் கிளறி நரகத்தை நாமே கட்டுகிறோம். 2011இன் படமோ அந்தச் சாம்பலின் ஒவ்வொரு துண்டுக்கும் விளக்கம் தருகிறது. கோடரி எப்படி அங்கே வந்தது? இதோ. பனிக்கட்டி? இதோ. நாய்? இதோ. காலையில் வகுப்பில் நான் இடாப்புக் கூப்பிடுவது போல, பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் 'வந்திருக்கிறேன் சேர்' என்கிறது. இடாப்புச் சரியாக இருக்கிறது. பாடம்தான் நடக்கவில்லை.

இனி, எனக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சாட்சியத்தை நானே வைக்கிறேன். 2016இல் வந்த 'ரோக் வன்' ஒரு முன்கதை, நல்ல படம். அதற்கும் முன்கதையாக 2022இலும் 2025இலும் இரண்டு பருவங்களாக வந்த 'அன்டோர்' தொடர் அதைவிடவும் நல்லது. ஏன்? 1977இன் படம் தொடங்கும் முன் ஓடும் எழுத்துகளில், கிளர்ச்சிக்கார உளவாளிகள் ஓர் ஆயுதத்தின் வரைபடத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. பெயர் இல்லை, முகம் இல்லை. அந்தப் பெயரற்றவர்கள் யார், என்ன விலை கொடுத்தார்கள் என்று இவை கேட்கின்றன. மர்மத்துக்கு விடை சொல்லவில்லை, நாம் கேட்க மறந்த கேள்வியைக் கேட்கின்றன. மூலப்படம் இதனால் சிறுக்கவில்லை. அந்த வரைபடத்தைக் கையில் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது இப்போது மனம் கனக்கிறது. அதே 'ரோக் வன்' சறுக்கும் இடத்தையும் பாருங்கள். 1994இல் காலமான பீற்றர் குஷிங்கின் முகத்தைக் கணினியால் வரைந்து, பழைய ஆளைக் கூட்டிவந்து நிறுத்தும் இடம்தான் அது.

லூகாஸின் முன்கதைகளுக்கும் இந்த நியாயத்தைச் செய்தாக வேண்டும். 2002, 2005 படங்களில் ஒரு குடியரசின் மன்றம் போர்ப் பயத்தில் ஒருவனுக்கு அவசரகால அதிகாரங்களைத் தானாகவே கொடுக்கிறது. பிறகு அவன் தன்னைச் சக்கரவர்த்தி என்று அறிவிக்கும்போது அதே மன்றம் கைதட்டுகிறது. அவசரகால அதிகாரம் என்றால் என்னவென்று நம் நாட்டாருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தக் கைதட்டல் என் காதில் இன்றும் கேட்கிறது. அந்தப் படங்களோடு வளர்ந்த இளைஞர்கள் அவற்றை நேசிப்பதில் நியாயம் உண்டு என்றால் அது இந்த இடத்தில்தான். இங்கும் அவை விளக்கவில்லை, நம்மையே திருப்பிக் கேட்கின்றன. ஆகவே முன்கதை எல்லாமே கூடாது என்பதல்ல என் வாதம். விடை சொல்ல வரும் முன்கதை கூடாது.

இந்த வழக்கில் நம் மண்ணோடு தொடர்புள்ள சாட்சி ஒருவரும் இருக்கிறார். 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கியது 1968இன் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. கிளார்க் தம் நாவலில் பலவற்றை விளக்கினார், அது விஞ்ஞானம் படித்தவரின் இயல்பு. குப்ரிக் படத்துக்கென எண்ணியிருந்த விளக்க வர்ணனையைக் கடைசியில் நீக்கிவிட்டார். அந்தக் கறுப்புக் கற்பலகை ஒரு வார்த்தை பேசவில்லை. 1984இல் வந்த தொடர்ச்சிப் படம் '2010', கணினி ஹால் ஏன் கொலைகாரன் ஆயிற்று என்பதற்கு நேர்த்தியான காரணம் சொன்னது. காரணம் சரிதான். ஆனால் இன்றும் உலகம் திரும்பத் திரும்பப் பார்ப்பது காரணம் சொல்லாத படத்தை.

சினிமாவைப் பற்றி இவ்வளவு ஏன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நானும் ஒரு முன்கதை எழுதியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தரம் பத்தில் ஒரு சிறுகதை படிப்பித்தேன். மணமுடித்துப் போன மகளின் வீட்டு வாசலுக்கு ஒரு தகப்பன் வருகிறார். சற்று நேரம் நிற்கிறார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறார். ஏன் என்று கதை சொல்வதில்லை. பிள்ளைகளிடம் கேட்டேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "வாப்பா கடன் கேட்க வந்திருப்பார் சேர். அடுப்பில் ஒன்றும் இல்லாததைக் கண்டு கேட்காமல் போயிருப்பார்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் என்ன செய்தேன்? வழிகாட்டிக் குறிப்பில் இருந்த 'வறுமையால் ஏற்பட்ட தாழ்வுணர்ச்சி' என்ற விடையைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். தவணைப் பரீட்சையில் எல்லா விடைத்தாளிலும் அதே வாக்கியம். அந்த மாணவியின் தாளிலும் அதுவே இருந்தது. முழுப் புள்ளி போட்டேன். அன்றிரவு அந்தத் தாள்களைக் கட்டிவைக்கும்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது.

நம் விழாக்களிலும் இதைத்தானே செய்கிறோம்? அன்றைய வெளியீட்டில் நூலாசிரியர் ஏற்புரைக்கு எழுந்தார். ஒவ்வொரு கதையும் எங்கே நடந்தது, அந்தப் பாத்திரம் உண்மையில் யார், கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்று அரை மணி நேரம் விளக்கினார். நூலைக் கையில் வைத்திருந்த நான் அதைத் திறக்கும் ஆவலையே இழந்து வீடு வந்தேன். நல்ல கதைகள் என்று பிறகு தெரிந்தது. வாசகனை நம்பி எழுதியவர், மேடையில் ஏறியதும் அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முன்னுரையிலும் அணிந்துரையிலும் கதையின் கருவைப் பிழிந்து கொடுக்கும் நம் பழக்கமும் இந்த வகைதான். ஹொலிவூட்டில் 130 மில்லியன் டொலர் செலவில் நடக்கும் தவறு, நம்மிடையே ஒரு ஒலிவாங்கியோடு இலவசமாக நடக்கிறது.

இந்த வருடம் அதே சிறுகதையை மீண்டும் படிப்பித்தேன். கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் சொன்னார்கள். மணி அடித்த பிறகும் இரண்டு பேர் என் மேசையருகில் வந்து நின்றார்கள். "சரியான விடை எது சேர்?" என்று ஒருவன் கேட்டான். "எனக்கும் தெரியாது" என்றேன். "அப்ப சோதனையில வந்தா?" என்றான் மற்றவன்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. நண்பரிடம் இருந்தால் எழுதட்டும்.